மாமியின் ஸ்திரிக்கைப் பெட்டியும் ஒரு ஹாம் சான்விச்சும்

பேசாலையில் மீன் சாப்பிடப் பணம் தேவையில்லை. கடலுக்குப் போகிற சொந்தக்காரர் ஒருவர் இருந்தால் போதும்; அப்படி ஒருவர் இல்லாத வீடு இந்த ஊரில் குறைவு. காலையில் கரைக்குப் போய்ச் சும்மா நின்றாலே நாலு கும்பளா கையில் ஏறிவிடும். ஹாம் அப்படி ஏறாது. அதைக் கொழும்பில் வாங்கி, ஐஸ் போட்டு, ரெஜிபோம் பெட்டியில் அடைத்து, தலைமன்னார் ரயிலில் ஏற்றி, பேசாலை ஸ்டேசனில் இறக்க வேண்டும். எங்கள் கடல் அறுக்குளா கொழும்புக்குப் போவதும் இதே மாதிரிப் பெட்டியில்தான். கிலோக் கணக்கில் நல்ல மீன் அந்தப் பக்கம் போக, கிராம் கணக்கில் பன்றித் தொடை இந்தப் பக்கம் வருகிறது. மீனவர் சங்கமொன்றில் கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு இது நட்ட வியாபாரம் என்று தெரியாமல் இல்லை. ஆனால் சூடாக அமுக்கிய ஹாம் சீஸ் சான்விச் ஒன்றை என் வீட்டுக் குசினியில், என் கையால் செய்து காட்டுவதென்று நான் தீர்மானித்திருந்தேன். தீர்மானங்களுக்கு முன்னால் இலாப நட்டம் பார்க்கிற ஆள் நான் இல்லை. என் மனைவி பார்ப்பாள். ஆகவே அவளிடம் விலையைச் சொல்லவில்லை.

ஹாம் கிடைக்காததற்கு நான் மூன்று சாம்ராஜ்யங்களைக் குற்றம் சாட்டுகிறேன். போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரில் கோட்டை கட்ட வந்தவர்கள். ஏறக்குறைய நூறு வருசம் இருந்தார்கள். பாணைத் தந்தார்கள், அலுமாரியும் கதிரையும் தந்தார்கள், வேதத்தையும் தந்தார்கள். பன்றித் தொடையை உப்பில் பதப்படுத்தி மாதக்கணக்கில் வைத்துத் தின்கிற வித்தையை மட்டும் கையோடு கொண்டுபோய்விட்டார்கள். 1658இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் உலகத்துக்கே சீஸ் விற்ற சனம். கோட்டையைத் திருத்திக் கட்டினார்கள், தோம்பு எழுதினார்கள், வரி வாங்கினார்கள். ஒரு துண்டுச் சீஸ் செய்யச் சொல்லித்தரவில்லை. அவர்கள் இங்கே வரி வாங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1762 நவம்பரில், லண்டனில் எட்வர்ட் கிப்பன் என்ற சரித்திர ஆசிரியர் கனவான்கள் சான்விச் தின்பதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்துவிட்டார். 1795இல் ஆங்கிலேயர் மன்னாருக்கு வந்து சேர்ந்தபோது சான்விச் தெரிந்தவர்கள் வந்தார்கள், சீஸ் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள், ஹாம் தெரிந்தவர்கள் போய் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் கோட்டைக்குள் இருந்திருந்தால் ஒருவரை ஒருவர் கொன்றிருப்பார்கள் என்பது உண்மை. ஆனால் கொல்வதற்கு முன் ஒரு நேரச் சாப்பாடாவது ஒழுங்காக அமைந்திருக்கும்.

ஆசையை மூட்டியது பாரிஸ். மனைவியின் தம்பி அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் நிற்கிறான். பாரிஸ் கடைகளில் முன்னால் வெள்ளைக்காரர் பரிமாற, பின்னால் நம்முடைய ஆக்கள் வேர்த்து விறுவிறுத்துச் சமைக்கிற சங்கதி லாச்சப்பல் பக்கம் போய்வந்த எவருக்கும் தெரியும். 2023இல் பாரிஸ் நகரின் சிறந்த பகெத்துக்கான பரிசை இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா வென்று, ஒரு வருசத்துக்கு எலிசே மாளிகைக்குப் பாண் கொடுக்கிற உரிமையைப் பெற்றார் அல்லவா, அன்றிலிருந்து மச்சானின் குரல் மாறிவிட்டது. அவருக்கும் இவனுக்கும் கண்ட பழக்கம்கூடக் கிடையாது. இருந்தாலும், "அத்தான், நாங்க ஜனாதிபதிக்கே பாண் குடுத்த ஆக்கள்" என்றுதான் வாட்ஸ்அப்பில் பேச்சைத் தொடங்குகிறான்.

அவனுடைய கடையில் மத்தியானம் கூடுதலாக ஓடுவது குரோக் மொசியூ. 1910 வாக்கில் பாரிஸ் கஃபேக்களில் பரவிய பண்டம். மார்செல் புரூஸ்ட் 1919இல் வெளிவந்த நாவலில் அதைப் பெயர் சொல்லி எழுதுமளவுக்குச் சீக்கிரமே பெரிய மனிதர்களின் வாயில் விழுந்துவிட்டது. உள்ளதெல்லாம் இரண்டு துண்டுப் பாண், நடுவில் ஹாம், சீஸ், வெளியே பட்டர், பிறகு சூடு. மச்சான் அதைப் போனுக்கு நேரே பிடித்து வெட்டினான். சீஸ் இழுபட்டது; என் உயிரும் கூடவே இழுபட்டது. "அக்காவைக் கஷ்டப்படுத்தாதீங்க அத்தான். சின்ன வேலை. நீங்களே செய்யலாம்" என்றான். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் என் திறமையைப் பற்றி ஒருவர் நம்பிக்கையாகச் சொன்ன ஒரே வசனம் அது. மனைவி பக்கத்தில் நின்று கேட்டாள். கேட்டுவிட்டு, "தம்பி, அவரிட்டத் தேயிலைப் போத்தல் எங்க இருக்கு எண்டு கேள்" என்றாள். நல்லவேளையாக லைன் அறுந்துவிட்டது.

ஹாம் வந்து இறங்கியது தவக்காலத்தில். நாள் பார்த்து ஹாம் அனுப்புகிற பழக்கம் கொழும்பில் இல்லை. எங்கள் ஊரோ இயேசுவின் பாடுகளைக் காட்டுகிற உடக்குப்பாஸுக்குப் பேர்போன ஊர். விபூதிப் புதன் வந்துவிட்டால் ரேடியோவின் சத்தம்கூடக் குறைந்துவிடும். திருச்சபைச் சட்டம் விபூதிப் புதனிலும் வெள்ளிக்கிழமைகளிலும்தான் இறைச்சியை விலக்கச் சொல்கிறது. மாமியின் சட்டம் அதைவிடக் கடுமையானது. விபூதிப் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரைக்கும் இறைச்சி எங்கள் படலையைத் தாண்டக்கூடாது. நான் மெல்ல, "வெள்ளி மட்டும்தானே மாமி?" என்று பார்த்தேன்.

"அது பாதருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உங்களுக்கு ஏன் மருமோன் தெரிய வேணும்?"

பிறகு அந்தப் பக்கெற்றை இரண்டு விரலால் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மெல்லிய, இளஞ்சிவப்பு, ஈரத் துண்டுகள். "இது வேகேல்ல. சிவப்பா இருக்கு." வெந்ததுதான், உப்போடு நைத்திரைற்று சேர்ப்பார்கள், அது இறைச்சியின் நிறப் பொருளோடு சேர்ந்துகொண்டால் எவ்வளவு வெந்தாலும் அந்தச் சிவப்பு மாறாது, கெட்டுப்போகாமலும் காக்கும் என்று எனக்குத் தெரிந்த இரசாயனம் முழுவதையும் எடுத்துச் சொன்னேன். மாமி பொறுமையாகக் கேட்டார். பேசாலையில் உப்பைப் பற்றி ஒருவருக்கு வகுப்பெடுப்பது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. வாடி வாடியாக மீனைக் கீறி உப்புப் போட்டு வெயிலில் விரித்த கைகள் அவருடையவை.

"உப்புப் போட்டுக் கெடாம வச்ச பண்டித் துடை. கருவாடு எண்டு சொல்லுங்களன், அதுக்கேன் இவ்வளவு கதை? அப்ப சமைக்கிற அண்டைக்குக் கழுவி ஊறப் போடுங்க, உப்பு இறங்கட்டும்" என்றார். தீர்ப்பு முடிந்தது. ஹாம் டீப் பிரீசருக்குள், ஒரு பாரைத் தலைக்கும் கணவாய்ப் பொதிக்கும் நடுவில், உயிர்ப்பு விழாவை எதிர்பார்த்துப் படுத்துக்கொண்டது.

நான் மனம் தளரவில்லை. ஹாம் தவம் இருக்கட்டும், அமுக்குகிற வித்தையை அதற்குள் மீனில் பழகிவிடலாம் என்று முடிவு செய்தேன். வித்தை என்று சும்மா சொல்லவில்லை. சீஸ் இளகுவதற்கு 65 பாகை செல்சியஸ் அளவு போதும். பாண் பொன்னிறமாகச் சிவக்க 140க்கு மேல் வேண்டும். பாணுக்குள்ளே இருப்பதில் பெரும்பங்கு காற்று, காற்றோ சூட்டைச் சுலபமாகக் கடத்தாது. ஆகவே தாச்சியில் சும்மா போட்டால் வெளிப்பக்கம் கருகும்வரை நடுவில் சீஸ் குளிர்ந்துபோய்க் கிடக்கும். அமுக்கினால் காற்று வெளியேறும், பாணும் சீஸும் ஹாமும் ஒட்டிக்கொள்ளும், சூடு உள்ளே இறங்கும். நெருப்புக் குறைவு, பாரம் அளவு, பொறுமை அதிகம். இந்த விளக்கத்தை நான் இரவுச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது மகள் எழுந்து கை கழுவப் போனாள். மகன் அவளுக்கு முன்பே போய்விட்டான்.

அமுக்குவதற்கென்றே ஒரு மெசினை மச்சான் முன்பு யாரோ வந்தவரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். மேலும் கீழும் வரி வரியான இரும்புத் தட்டு, நடுவில் வைத்து மூடுவது. அதன் பிளக்குக்கு இரண்டு உருண்டைக் கால், எங்கள் சுவரிலோ மூன்று சதுரத் துளை. அதற்கு அடாப்டர் வாங்கினேன். மெசின் 2000 வாட் இழுக்கிற சாதி. சொருகி, மூடி, பச்சை வெளிச்சத்துக்குக் காத்திருந்தேன். வந்தது இருட்டு. டிரிப் சுவிச் விழுந்து வீடு முழுவதும் கரண்ட் போக, முன்னறையில் டிவியில் திருப்பலி பார்த்துக்கொண்டிருந்த மாமியிடமிருந்து, எழுந்தேற்றத்துக்குச் சற்று முன்னால், ஒரு பெருமூச்சு வந்தது.

எங்கள் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனியின் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. எல்லாம் சேர்ந்து 103.5 மெகாவாட். எனக்கு வேண்டியிருந்தது அதில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். மெழுகுதிரி வெளிச்சத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மனிதன் தன் தலைக்கு மேலே வீசுகிற காற்றில் அவ்வளவு பங்கு கேட்கக்கூடாதா என்று மனைவியிடம் கேட்டேன். "காத்தில பிழையில்லை. இந்த வீட்டுக்கு வயர் இழுத்தது ஆர்?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். வயர் இழுத்தது நான். மெசின் அலுமாரிக்கு மேலே ஏறியது. இப்போது அதன்மேல் கிறிஸ்மஸ் நட்சத்திரத்தின் பெட்டி இருக்கிறது.

ஆக, பாரம் தேட வேண்டியதாயிற்று. மீனவ ஊரில் பாரத்துக்கா பஞ்சம்? வலையின் ஈயக்குண்டுகள் முதலில் நினைவுக்கு வந்தன. ஈயம் சாப்பாட்டுப் பக்கமே வரக்கூடாத நஞ்சு என்று மகளின் விஞ்ஞானப் புத்தகம் குறுக்கே வந்து நின்றது. தராசுப் படிக்கல் இரண்டு சங்கத்தில் சும்மா கிடந்தன, டிஜிற்றல் தராசு வந்தபிறகு அவற்றுக்கு வேலையில்லை. கொண்டுவந்து தேய்த்துக் கழுவி, அலுமினியத் தாளில் சுற்றி வைத்தேன். எத்தனை வருசமாக மீனோடு பழகிய இரும்பு. சூடேறியதும் சூடை மீன்களின் ஞாபகம் எல்லாம் அதற்குத் திரும்பி வந்தது. வெறும் சீஸ் மட்டும் வைத்த சான்விச்சுக்கு மீன் தானாக வந்து சேர்ந்த விந்தையை நான் எடுத்துச் சொன்னதும் மனைவி யன்னலைத் திறந்தாள்.

அம்மிக்குழவி பாரத்தில் குறையில்லாதது. ஆனால் அதன் பிறவிக் குணம் உருளுவது. பாணின் ஒரு கரையை மாத்திரம் கடதாசி ஆக்கிவிட்டு, தாச்சியின் விளிம்பு தாண்டி, குசினி நிலத்தில் விழுந்து, கதவு வரைக்கும் போய் நின்றது. வழியில் என் காற்பெருவிரல் இருந்தது. ஆட்டுக்கல்லை எடுக்கப் போனபோது மகன், "அப்பா, நீங்களே ஏறி இருந்தா என்ன?" என்று கேட்டான். பிள்ளைகளுக்கு எதையும் அடக்கிச் சொல்லத் தெரிவதில்லை. என் எடையைப் பற்றி ஊர் வைத்தியர் சொன்னதையெல்லாம் வீட்டில் உரக்க வாசித்தது மனைவியின் பிழை.

பாண் பிரச்சினையையும் சொல்லிவிடுகிறேன். விறகு போறணையில் சுட்ட றோஸ் பாணின் மேல் எனக்குள்ள பக்தி எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதன் மொறுமொறு ஓடு அமுக்கத்துக்கு மசியாமல் நடுவில் வெடித்தது. சதுரமான சான்விச் பாண்தான் சரி. அதுவும் அன்றைக்குச் சுட்டது கூடாது. ஈரப்பசை கூடி, அமுக்கினால் களியாகும். முதல் நாள் பாண் வேண்டும். எங்கள் தெருவுக்குப் பாண் கொண்டுவருகிற ஓட்டோ, பீத்தோவன் 1810இல் எலிசே என்ற யாரோ ஒரு பெண்ணுக்காக எழுதிய இசையைப் போட்டுக்கொண்டு வரும். அதை மறித்து, "நேத்தையப் பாண் இருக்கா?" என்று கேட்டேன். பழைய பாணைக் கொடுத்துவிட்டார் என்று ஏசுகிற வாடிக்கையாளரை மட்டுமே கண்டிருந்த தம்பி, ஒரு நிமிசம் என்னைப் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினார். "அண்ண, வீட்டில ஏதும் பிரச்சினையா? காசு பிறகு தாங்க" என்று தணிந்த குரலில் சொல்லி, அன்றையப் பாணையே கையில் வைத்தார். அரசாங்கம் 450 கிராம் என்று வர்த்தமானியில் போட்ட நிறையில் ஒரு கிராம் குறையாத பாண். நாளை வரைக்கும் வைத்திருந்தால் அது நேற்றையப் பாண் ஆகிவிடும் என்கிற எளிய உபாயம் அவர் போன பிறகுதான் எனக்குத் தோன்றியது.

சீஸ் விசயத்தில் மச்சான் பிடிவாதக்காரன். எமெந்தால் வேண்டும், இல்லாவிட்டால் குரூயேர் என்றான். ஊர்க் கடையில் இருந்தது ஹாப்பி கௌ. வட்டப் பெட்டிக்குள் எட்டு முக்கோணம், ஒவ்வொன்றுக்கும் வெள்ளித் தாள். இது ஒஸ்ற்றியாவில் செய்கிறது, குறைந்த சாமான் இல்லை என்று நான் வாதாடினேன். பதனிட்ட சீஸில் சிற்றிரேற்று, பொஸ்பேற்று உப்புகள் சேர்ப்பதால் கொழுப்பும் நீரும் பிரியாமல் இளகும். நல்ல முதிர்ந்த சீஸை அவசர நெருப்பில் வைத்தால் எண்ணெய் தனி, சக்கை தனியாகிவிடும். அவசரக்காரனான எனக்கு ஏற்றது மாடுதான். ஒரே சிக்கல் வடிவம். வட்டத்தை எட்டாக வெட்டிய முக்கோணத்தைச் சதுரப் பாணில் எப்படி அடுக்கினாலும் மூலையில் வெற்றிடம் விழுகிறது. தலையை மாற்றி, வாலை மாற்றி, சங்கத்தின் பேரேட்டுப் பின்பக்கத்தில் படம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து ஒரு கரண்டியின் பின்பக்கத்தால் அதைப் பூசிவிட்டுப் போனாள்.

ஸ்திரிக்கைப் பெட்டி கண்ணில் பட்டது அந்த வாரத்தில்தான். மாமியின் கட்டிலுக்குக் கீழே, பழைய சீலைத் துண்டில் சுற்றி, தேங்காயெண்ணெய் பூசி வைத்திருந்தது. சிரட்டைக் கரி போட்டு மூடுகிற அந்தக் காலத்துப் பெட்டி. மூடியைப் பூட்டுகிற கொளுக்கி சேவல் உருவம். கொண்டை தேய்ந்து வழவழத்திருந்தது. கையில் தூக்கியபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அடியில் தட்டையான கனத்த இரும்பு, உள்ளே நெருப்பு, மேலே பிடி. கீழே தாச்சியின் சூடு, மேலே பெட்டியின் சூடு, பாரமும் அதுவே. பாரிஸ் மெசின் இரண்டாயிரம் வாட்டில் செய்வதைச் சிரட்டையில் செய்கிற சாமான் எங்கள் வீட்டுக் கட்டிலுக்குக் கீழேயே படுத்திருந்திருக்கிறது. டிரிப் சுவிச் இதை என்ன செய்யும்?

மாமியிடம் அனுமதி கேட்டேன், காரணம் கேட்கவில்லை, கொடுத்தார். முற்றத்தில் கரியைப் பற்றவைத்து, தணல் பிடிக்கப் பெட்டியை முன்னும் பின்னும் வீசிக்கொண்டு நின்றபோது வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அண்ணை எட்டிப் பார்த்தார். "என்ன, கரண்ட் இல்லையா? எங்க பயணம், உடுப்பு மினுக்கிறீங்க?" என்றார். உடுப்புக்கில்லை, பாணுக்கு என்றேன். அவர் தலை மெதுவாக வேலிக்குக் கீழே இறங்கியது. சற்று நேரத்தில் அதே இடத்தில் அவருடைய மனைவியின் தலை வந்தது.

அன்றைக்கு உள்ளே வைத்தது அறுக்குளா. மத்தியானம் பொரித்த துண்டை முள் நீக்கி உதிர்த்து, மிளகுத் தூளும் தேசிப்புளியும் பொடியாக அரிந்த சின்ன வெங்காயமும் ஒரு பச்சை மிளகாயும் சேர்த்திருந்தேன். பாணின் உட்பக்கம் இரண்டிலும் சீஸ் பூச்சு, வெளிப்பக்கம் இரண்டிலும் கரை வரைக்கும் மெல்லிசாகப் பட்டர். வெளிப்பக்கம் பூசுகிறதைப் பார்த்த மனைவி என் உடம்புக்கு ஏதும் சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டாள். தாச்சியில் வைத்து, மேலே ஒரு வாழையிலைத் துண்டு போட்டு, அதன்மேல் பெட்டியை இறக்கினேன். இலை முதலில் பச்சை கறுத்தது, பிறகு ஓரம் சுருண்டது. பட்டர் சீறுகிற சத்தம் பெட்டியின் அடியிலிருந்து கேட்டது. பாண் தணிந்து தணிந்து பாதி உயரத்துக்கு வந்தது. ஒரு மூலையில் சீஸ் கசிந்து தாச்சியைத் தொட்டு, அங்கேயே மெல்லிய பொன்னிற ஓடாகப் பிடித்துக்கொண்டது. திருப்பிப் போட வேண்டிய தேவையே இல்லை. நான் எப்போது இவ்வளவு கெட்டிக்காரன் ஆனேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பெட்டியைத் தூக்கும்போது அவசரத்தில் சற்றுச் சரித்துவிட்டேன். பக்கத்துத் துளைகளால் சாம்பல் கொட்டி, பொன்னிறமாக இருந்த பாணின் நட்ட நடுவில் ஒரு பொட்டாக விழுந்தது. மாமி குசினி வாசலில் நின்றிருந்தார்.

"விபூதிப் புதன் முடிஞ்சு போச்சு மருமோன்."

அதைத் தட்டிவிட்டுச் சாப்பிட்டோம். பிள்ளைகள் பேசாமல் சாப்பிட்டார்கள்; எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய விருது கிடையாது. மனைவி, "மீன் நல்ல மீன்" என்றாள். மீனைப் பிடித்தது அவளுடைய சித்தப்பா.

உயிர்த்த ஞாயிறு வந்தது. நள்ளிரவுப் பூசை முடிந்து, கொஞ்சம் கண்ணயர்ந்து எழும்பி ஹாமை இறக்கினேன். உறைந்து இளகிய ஹாம் தண்ணீர் விடும். அந்த ஈரத்தோடு வைத்தால் பாண் ஊறிப்போகும். ஆகவே ஒவ்வொரு துண்டாகத் துணியில் ஒற்றி எடுத்தேன். ஊறப்போடுங்க என்று மாமி மறுபடி நினைவுபடுத்தினார், கேட்காதவனாக இருந்துவிட்டேன். ஹாமைத் தட்டையாக விரிக்காமல் தளர்வாக மடித்து வைக்க வேண்டும், மடிப்புகளுக்குள் சீஸ் இறங்கும் என்றது மச்சான் சொன்ன உருப்படியான யோசனை. தணலைக் குறைத்தேன். பெட்டியை இந்தமுறை பாதர் பாத்திரம் ஏந்துகிற பக்குவத்தில் நேர் மேலே தூக்கினேன். வெட்டுவதற்கு முன் ஒரு நிமிசம் ஆறவிட்டேன், இல்லாவிட்டால் சீஸ் எல்லாம் கத்தியோடு போய்விடும். நன்றாக வந்தது. நான் சொல்வதால் நம்பாதீர்கள். பெருநாள் காண வந்த சனம் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தது. நான் சுட்டுக்கொண்டே நின்றதில் எனக்கு மிஞ்சியது வெட்டி ஒதுக்கிய கரைகள்தான். அவற்றையும் படலைக்கு வெளியே காத்து நின்ற கழுதைக்கு மகன் கொடுத்துவிட்டான்.

பாராட்டுகள் முறையாகப் பங்கிடப்பட்டன. பாண் அருமை என்று ஓட்டோத் தம்பிக்கு ஒரு பங்கு போனது. கொழும்புச் சாமான் கொழும்புச் சாமான்தான் என்று ஹாம் அனுப்பியவருக்கு ஒன்று. சீஸைப் பூசிய நேர்த்திக்கு மகளுக்கு. சொல்லித்தந்ததற்கு மச்சானுக்கு, அவன் வீடியோவில் வந்து ஏற்றுக்கொண்டான். மிச்சம் எனக்கு வரும் என்று நான் குசினி வாசலில் துவாயால் முகத்தைத் துடைத்தபடி தயாராக நின்றேன். அப்போது மாமி வாய் திறந்தார். அதுவரைக்கும் இரண்டு துண்டு சாப்பிட்டிருந்தார், நான் பார்த்தேன்.

"பெட்டி நல்ல பெட்டி. என்ர அப்பா மதுரையில வாங்கி, தனுஷ்கோடியில கப்பல் ஏறிக் கொண்டுவந்தது. புயலுக்கு முந்தி." 1914இல் தொடங்கிய அந்தத் தலைமன்னார்க் கப்பலையும், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதையும், மாமியின் அப்பா பெட்டியைச் சுங்கக்காரருக்குக் காட்டிய விதத்தையும் சனம் வாயைத் திறந்தபடி கேட்டது. கதை முடிந்ததும் எல்லோரும் எழுந்து வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். சேவலைத் தடவினார்கள். நான் அதற்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

போனில் இன்னமும் மச்சான் இருந்தான். பெட்டியை எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டச் சொன்னான். பாரிஸ் பகல்வேளை, அவனுக்குப் பின்னால் கடையின் முதலாளியும் எட்டிப் பார்த்து ஏதோ பிரெஞ்சில் பரபரத்தார். "அத்தான், சேவல் எங்கட பிரான்சின்ர சின்னமாம், முதலாளி சொல்லுறார். கடையில வச்சுச் செய்தா சனம் வரிசையில நிக்குமாம். நல்ல விலை தருவாராம், அந்தப் பெட்டியை அனுப்பி விடுறீங்களா?"

மாமி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"பெட்டி வராது தம்பி. வேணுமெண்டா அத்தானை அனுப்பி விடுறம்."